சிறுதேரும் பலப்பமும்

குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது என்று நம் வீடுகளில் யாரேனும் சொன்னால், அது படிக்கவில்லை என்பதே அதன் பொருள். 'விளையாட்டாகச் செய்துவிட்டான்' என்றால் பொறுப்பின்றிச் செய்துவிட்டான் என்று கொள்கிறோம். 'விளையாட்டுப் பிள்ளை' என்பது வளர்ந்தவர்களுக்கு நாம் சூட்டும் பழிப்பெயர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நிலமும் உறவும் துணையில்லாத ஊரில் படிப்பு ஒன்றே நமக்குக் கைகொடுத்தது. ஆகவே நம் பிள்ளைகள் ஒரு நாளையும் வீணாக்கலாகாது என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதை மூன்று வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றுவது நியாயமா என்னும் கேள்வி, எங்கள் இல்லத்தில் சென்ற ஆண்டு முழுவதும் தீராத வழக்காக நடந்தது. அவ்வழக்கின் விவரத்தை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம். பலர் வீட்டிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

நாங்கள் இருவரும் மௌலா அலிக்குக் குடிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்களுள் ஒருவர் இரயில்வேயில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய இரவுப் பணிகளுக்கும் இடமாற்றங்களுக்கும் நடுவே குடும்பத்தைக் கரை சேர்த்தவர். செகந்தராபாத்திலிருந்து காசிப்பேட்டைக்குச் செல்லும் பாதையில் வருவோர் மௌலா அலியின் கருங்கற் குன்றைக் காணாமல் போக முடியாது. இப்ராகிம் குதுப் ஷாவின் காலத்தில், 1578ஆம் ஆண்டில், யாகூத் என்னும் அரண்மனைப் பணியாளர் கண்ட கனவிலிருந்து அக்குன்றின் மேலுள்ள தர்கா எழுந்ததென்பது வழிவழி வரும் கதை. அடிவாரத்தில் மஹ லகா பாய் சந்தா (1768–1824) அடங்கியிருக்கிறார்; உருதுவில் தம் கவிதைகளை முழுத் தொகுப்பாக விட்டுச் சென்ற முதற் பெண்பாற் புலவர்களுள் அவரை வைத்து எண்ணுவர். தம் தாய்க்கெனத் தாமே எழுப்பிய கல்லறைத் தோட்டத்தில் அத்தாயின் அருகிலேயே அவரும் துயில்கிறார். 1966 அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே தோன்றிய பின்னர், லோகோ ஷெட்டும் பயிற்சி நிலையமும் குடியிருப்புகளுமாக இவ்வூர் வளர்ந்தது. அந்த வளர்ச்சியோடு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று.

எங்கள் பேத்தியைச் சென்ற ஆண்டு, வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள பள்ளியொன்றின் மழலையர் பிரிவில் சேர்த்தோம். வாரத்தில் ஒரு நாள், ஏதேனும் ஒரு வீட்டுப் பெரியவர் வந்து ஒரு மணி நேரம் குழந்தைகளோடு இருந்து கதை சொல்லலாம் என்பது அங்குள்ள வழக்கம். வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்கு அது இயல்வதில்லை. ஆகையால் எங்கள் முறை அடிக்கடி வந்தது. நாங்கள் எழுதுவன யாவும் அவ்வாறு நேரில் கண்டவை.

காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகள் வருகிறார்கள். செருப்பைக் கழற்றி அவரவர் படம் ஒட்டிய அறையில் வைக்க வேண்டும். எழுத்தறியாத பருவத்தில் பெயர் என்பது ஒரு படம்: ஒருவனுக்கு மீன், ஒருத்திக்குக் குடை, எங்கள் பேத்திக்கு அணில். ஆசிரியை பெயர் கூப்பிட்டு வருகையைப் பதிவதில்லை. குழந்தையே தன் படச்சீட்டை எடுத்துப் பலகையில் மாட்டுகிறது. மாட்டப்படாமல் மிஞ்சிய சீட்டுகளைப் பார்த்து, இன்று யார் வரவில்லை, எத்தனை பேர் வரவில்லை என்று குழந்தைகளே கூடி நின்று எண்ணுகிறார்கள். கழித்தல் கணக்கு அங்கே அரவமில்லாமல் தொடங்கிவிடுகிறது.

பிறகு மணல் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மரக்கட்டைகள், களிமண், சமையல் மூலை. தண்ணீர்த் தொட்டியில் கிண்ணங்களும் புனல்களும் மூடிகளும் கிடக்கும். எங்கள் பேத்தி முதல் மாதம் முழுவதும் அத்தொட்டியை விட்டு நகரவில்லை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவதும், மறுபடி ஊற்றுவதும், சிந்தியதைத் துணியால் துடைப்பதுமே அவள் வேலை. ஒருநாள் வீட்டில் டபராவில் இருந்த பாலைத் தம்ளருக்கு மாற்றிக் கொடுத்தோம். "இப்ப நிறைய ஆயிடுச்சு!" என்று மகிழ்ந்தாள். திரும்ப டபராவில் ஊற்றினால் முகம் வாடியது. உயரமான பாத்திரத்தில் உள்ளது மிகுதி என்றே ஏறத்தாழ ஆறேழு வயது வரையில் குழந்தைகள் நம்புவார்கள் என்பதைச் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) சோதித்துக் காட்டியிருக்கிறார். அதைச் சொல்லித் திருத்த முடியாது. ஊற்றி ஊற்றித்தான் தெளிய வேண்டும். தமிழர் வீட்டுக் காப்பிக் கடையில் ஆண்டாண்டாக நடக்கும் ஆராய்ச்சி இது என்று அன்று சிரித்துக்கொண்டோம்.

சண்டையும் உண்டு. அங்கே சிவப்பு மூன்று சக்கர வண்டி ஒன்றுதான். குழந்தைகள் இருபது பேருக்கு மேல். இன்னும் இரண்டு வண்டி வாங்கிப் போடலாமே என்று நாங்கள் ஆசிரியையிடம் சொன்னோம். அவர் வேண்டாமென்றார். ஒரு மணற்கடிகாரத்தை வண்டிக்கருகில் வைத்தார். மணல் முழுதும் இறங்கியதும் இறங்க வேண்டும் என்ற சட்டத்தைக் குழந்தைகளே வகுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருவன் கடிகாரத்தைப் படுக்கவைத்துவிட்டால் மணல் இறங்காது என்பதைக் கண்டுபிடித்தான். அதற்கும் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. பதினோரு மணிக்குக் கைகழுவி டிபன் டப்பாவைத் திறப்பது, தங்கள் இடத்தைத் தாங்களே துடைப்பது, ஒரு கதை, பிறகு பாயில் அரைமணி ஓய்வு. பன்னிரண்டரைக்கு வீடு.

இவ்வளவையும் கேட்ட எங்கள் மகனுக்கு மனம் ஒப்பவில்லை. "மணலிலே விளையாடுறதுக்கா, அப்பா, இவ்வளவு பணம் கட்டுறோம்?" என்றார். அவருக்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டுச் சிறுவன் எங்கள் பேத்தியின் வயதினன். வேறொரு பள்ளியில் படிக்கிறான். நிற்கும் கோடு, படுக்கும் கோடு என்று தொடங்கி, ஆறே மாதத்தில் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் குறிப்பேட்டில் நிரப்பிவிட்டான். நூறு வரை ஒப்பிக்கிறான். நாளை முதல் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் அமரும்போது நம் பிள்ளை பின்தங்கிவிடுமே என்று மருமகள் கலங்கினாள். "மாமா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா அந்த ஸ்கூல்ல சீட் இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது" என்றாள். விண்ணப்பமும் வாங்கி வைத்தாயிற்று.

அந்தச் சிறுவனைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. நல்ல அறிவுள்ள குழந்தை. ஆனால் மாலையில் அவன் எழுதும்போது பார்த்திருக்கிறோம். எழுதுவது விரல்கள் அல்ல. தோள் முதல் கை முழுவதும் எழுதுகிறது. அதற்குக் காரணம் உடலிலேயே உள்ளது. வளர்ந்த மனிதரின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்பாகவே இருக்கும்; மூன்று வயதில் எக்ஸ்ரே படம் எடுத்தால் அவற்றுள் பாதிகூட எலும்பாகத் தெரியா. எட்டும் முற்றுவதற்குப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். களிமண்ணைப் பிசைவதும், ஈரத் துணியைப் பிழிவதும், மணிகளை நூலில் கோப்பதும், அந்தக் கையைப் பென்சிலுக்கு ஆயத்தம் செய்கின்றன. நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை அவரைக்காய் நார் உரிக்கவும் பட்டாணி உரிக்கவும் உட்கார வைத்தார்கள். அதற்கு அவர்கள் எந்தக் கல்விமுறையின் பெயரையும் சூட்டவில்லை.

மகனிடம் நாங்கள் எடுத்துச் சொன்னது மற்றொன்று. இதே மௌலா அலியில் இரயில்வேயின் மண்டலப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நிலைய அலுவலர்களும் வண்டிக் காவலர்களும் பயில்வது அங்கேதான். அங்கு 'மாடல் ரூம்' என்னும் கூடம் ஒன்றுண்டு. மேசைமேல் சின்னஞ்சிறு தண்டவாளங்கள், கைகாட்டிகள், நிலையங்கள், விளையாட்டுப் பொம்மை போன்ற வண்டிகள். மீசை வைத்த ஆண்கள் அதைச் சுற்றி நின்று, ஒருவர் ஒரு நிலையமாகவும் அடுத்தவர் அடுத்த நிலையமாகவும் பாவித்து, வண்டியைக் கேட்டு வாங்கி அனுப்புவார்கள். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டிக்கு மேல் நுழையாதபடி அதற்குரிய உலோகப் பந்தைக் கருவியிலிருந்து எடுத்து ஓட்டுநரிடம் சேர்ப்பிக்கும் முறையும் உண்டு. பந்து கையில் இல்லாமல் வண்டி நகராது. புத்தகத்தில் விதி எண்களை மனப்பாடம் செய்தபோது ஏறாதது, அந்தச் சிறு வண்டி இன்னொன்றோடு முட்டியபோது ஏறியது. மேசைமேல் முட்டினால் சிரிப்பு. வெளியே முட்டினால் உயிர்கள். பல்லாயிரம் பேரின் உயிரைக் காக்கும் கடமையை அரசாங்கமே பொம்மை வண்டி வைத்துத்தான் கற்பிக்கிறது என்றால், மூன்று வயதுப் பெண் மணலில் அமர்வதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? மகன் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

விளையாட்டைக் கண்டு அரசுகளே அஞ்சியதுண்டு. ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபிரோபெல் 1837ஆம் ஆண்டு சிறு குழந்தைகளுக்கெனத் தொடங்கிய நிலையத்திற்கு 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். கம்பளிப் பந்தும் மர உருண்டையும் கட்டைகளும்தான் அவருடைய பாடநூல்கள். 1851இல் பிரஷ்ய அரசு அப்பள்ளிகளைத் தடைசெய்தது. மறுஆண்டே அவர் இறந்தார். 1860இல்தான் தடை நீங்கிற்று. நம் நாட்டில் குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, வழக்கறிஞர் தொழிலை விட்டு வந்தவர். 'மீசை வைத்த தாய்' என்று அவரை மக்கள் அழைத்தார்கள். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் போர்டி என்னும் கடற்கரை ஊரில் எளியவர் குழந்தைகளுக்காக வளர்த்தெடுத்த அமைப்பே பாலவாடி. வாடி என்றால் மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டம். அதைத் தமிழ்நாட்டில் நாம் 'பால்வாடி' என்று சொல்லி, பால் கொடுக்கும் இடம் போலும் என்று எண்ணிக்கொண்டோம். ஃபிரோபெலின் தோட்டம் இப்படி நம் ஊர்த் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது பலருக்குத் தெரியாது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளும் அத்தோட்டத்தின் பதியன்களே.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் ஊர் திரும்ப இயலாமல் இந்தியாவில் தங்கி, கோடைக்கானலிலும் பணியாற்றியது நாம் பெருமையோடு நினைக்கத் தக்கது. அவர் குழந்தையின் செயலை விளையாட்டு என்பதைவிட 'வேலை' என்றே சொல்ல விரும்பினார். இன்று அவருடைய பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, உள்ளே குறிப்பேடும் வீட்டுப்பாடமும் நடத்தும் இடங்களை எந்த ஊரிலும் காணலாம். வாயிலில் ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் நின்றால் அது விளையாட்டு வழிக் கல்வி ஆகிவிடாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள காலத்தை ஒரே அடிப்படைப் பருவமாகக் கொண்டது. 2022இல் வந்த பாடத்திட்ட வரைவு விளையாட்டை அதன் நடுவில் வைத்தது. கொள்கை வந்துவிட்டது. பெற்றோரின் அச்சம் போகவில்லை. அச்சம் உள்ளவரை குறிப்பேடும் விற்கும்.

நமக்கோ இதில் புதுமை ஒன்றுமில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்றுகாற் சிறுதேரை உருட்டி வருகிறார்கள். முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறிக்கிறது. பள்ளியின் சிவப்பு வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த இடம் நினைவுக்கு வரும். அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுகிறார். அவர்கள் தச்சர் சிறுவரும் விரும்பும்படி செய்த தேரை உருட்டிக் களைத்து, செவிலியைத் தழுவிப் பாலுண்டு, படுக்கையில் உறங்குகிறார்கள். விளையாட்டு, பால், உறக்கம் என்ற அந்த வரிசை இன்றைய மழலையர் பள்ளியின் கால அட்டவணையேயன்றி வேறில்லை. பிள்ளைத்தமிழோ சப்பாணி, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று குழந்தையின் வளர்ச்சியையே பெரும்பாலும் விளையாட்டுகளால் அளந்து பருவம் பிரிக்கிறது. எழுத்துப் பருவம் என்று அதில் ஒன்று இல்லை.

இனி எங்கள் வழக்கின் கடினமான பகுதிக்கு வருகிறோம். பேத்தியைச் சேர்ப்பதற்குமுன் வேறொரு பள்ளிக்கும் சென்றிருந்தோம். தலைமைப் பொறுப்பிலிருந்தவர் குழந்தையிடம் ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் பாட்டியின் புடவைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்டாள். "இனிமேல் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள், குழந்தை குழம்பிப்போகிறது" என்று எங்களுக்கு அறிவுரை கிடைத்தது. அன்று வீடு திரும்பும் வழியில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. தெலுங்கைக் குறித்து எங்களுக்குக் கவலையில்லை. அது இந்த மண்ணின் மொழி; 2018ஆம் ஆண்டின் தெலங்கானா சட்டம் பள்ளிகளில் அதைக் கட்டாயப் பாடமாக்கியுமிருக்கிறது; பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். ஆங்கிலம் தானே வந்துவிடும். தமிழுக்கு மட்டும் இங்கே வீட்டை விட்டால் வேறு புகலிடமில்லை. அந்த வீட்டுக் கதவையும் சாத்தச் சொல்கிறார்கள்.

இப்போதைய பள்ளியில் முதல் இரண்டு மாதம் பேத்தி வாய்திறக்கவில்லை. எங்களுக்கும் உள்ளூர அச்சமாகத்தான் இருந்தது. 'புதுமொழிச் சூழலில் சில குழந்தைகள் இப்படிச் சில காலம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வற்புறுத்த வேண்டாம், வீட்டில் தமிழே பேசுங்கள்' என்றார் ஆசிரியை. ஒருநாள் சமையல் மூலையில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிடு கண்ணு, காக்காக்கு ஒரு வாய்" என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தெலுங்குச் சிறுமி ஒருத்தி தன் பொம்மைக்கு 'காக்கி'யைக் காட்டினாள். உருது பேசும் வீட்டுப் பையன் ஒருவன் வந்து, தனக்குக் காரம் "நக்கோ" என்று சொல்லிவிட்டு விருந்துக்கு உட்கார்ந்தான். மூன்று மொழியில் ஒரு சமையல் நடந்தது. எவருக்கும் எதுவும் விளங்காமல் இல்லை. மறுவாரம் வீட்டில், "நாக்கு நீள்ளு காவாலி" என்றாள். தனக்குத் தண்ணீர் வேண்டுமென்று தெலுங்கில் கேட்கிறாள் என்பது புரிவதற்குள், நாக்கு நீளமாகிவிட்டதோ என்று பாட்டி அவள் வாயைத் திறக்கச் சொன்னது தனிக்கதை. பலகையில் உட்கார்த்தி எழுத வைத்திருந்தால் இந்தப் பேச்சு எந்த இடுக்கில் முளைத்திருக்கும்?

இதைக் கண்டபின் ஆசிரியை ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் மொழியில் ஒரு விளையாட்டைக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் பல்லாங்குழியை எடுத்துச் சென்றோம். அங்கிருந்த ஆயம்மா, நல்கொண்டாப் பக்கத்தவர், பலகையைக் கண்டதும், "இதி வாமன குண்டலு காதா, தாத்தகாரு!" என்று கைகொட்டினார். அதே பதினான்கு குழி. அன்றே ஒரு பட்டியல் உருவாயிற்று. நம் பாண்டி அவர்களுக்குத் தொக்குடு பில்ல. கழங்கு, அச்சன காயலு. கண்ணாமூச்சி, தாகுடு மூதலு. பிள்ளைத்தமிழ்ச் சிற்றில் அவர்களிடம் பிச்சுக கூள்ளு, அதாவது குருவிக்கூடு. ஈர மணலைக் காலின்மேல் குவித்துத் தட்டிக் காலை உருவினால் எழும் அந்த வீடு இரு மொழியிலும் ஒரே வீடுதான். நாம் சிலேட்டில் எழுதும் பலப்பமும் தெலுங்கில் பலபமே. நாற்பது ஆண்டு அண்டை வீட்டாரோடு பழகியும் அறியாத உறவுகளை ஒரு மரப்பலகை ஒரு காலையில் சொல்லிவிட்டது.

மகன் ஒரு சனிக்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். தண்ணீர்த் தொட்டியருகில் சிறு நாற்காலியில் முழங்கால் முகவாயில் முட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தபின் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மற்றொரு பள்ளியின் விண்ணப்பம் இன்னும் அலமாரியில் நிரப்பப்படாமல் இருக்கிறது. முதல் வகுப்பு நெருங்கும்போது வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும் என்பதை நாங்கள் அறிவோம். மருமகளின் அச்சத்தைப் பழிக்கவும் மாட்டோம். அவள் காணும் உலகில் பந்தயம் உண்மையாகவே நடக்கிறது.

இப்போது புதன்கிழமைதோறும் பல்லாங்குழி நடக்கிறது. சோழி போதவில்லை என்று ஆயம்மா முடிச்சு நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தார். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் முறை. அவர் ஊர் முறை வேறு. பாட்டிக்கும் ஆயம்மாவுக்கும் அதில் மூன்று வாரமாக உடன்பாடு ஏற்படவில்லை. சென்ற புதன்கிழமை இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தைகள் கொட்டைகளை எல்லாம் அள்ளிச் சென்று மணல் தொட்டியில் வரிசையாக ஊன்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேத்தி ஒவ்வொன்றாக எண்ணினாள்: ஒண்ணு, ரெண்டு, மூடு, நாலு.